நேராக நிற்கும் உரிமை: சந்தை, கேமரா, சாதி

(நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நினைவுச் சொற்பொழிவு என்றால் வரலாறு, இலக்கியம், நிலம், இடஒதுக்கீடு என்று பேசுவது நம் வழக்கம். இன்று நான் புகைப்படத்தைப் பற்றிப் பேசப்போகிறேன். அதிலும் ஒரு வகையைப் பற்றி மட்டும்: சந்தைக்கும் தெருவுக்கும் போய், அங்கே இருப்பவர்களுக்குத் தெரியாமல் எடுக்கிற படம். 'கேண்டிட்' என்கிறார்கள். இதெல்லாம் ஒரு பிரச்சினையா என்று உங்களில் சிலருக்குத் தோன்றலாம். ஒரு மனிதர் பொதுவெளியில் எப்படித் தெரிய வேண்டும் என்று முடிவு செய்கிற அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதுதான் இதற்குள் இருக்கும் கேள்வி. அந்தக் கேள்விக்காக இந்தப் பகுதியில் குடிசைகள் எரிந்திருக்கின்றன, உயிர்கள் போயிருக்கின்றன. ஆகவே சிறிய விஷயம் என்று ஒதுக்க முடியவில்லை.

காரைக்குடியில் திங்கட்கிழமை சந்தை கூடுகிறது. சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து கீரையும் கத்தரிக்காயும் கருவாடும் கோழியும் முறமும் கூடையும் வந்து இறங்கும். செட்டிநாட்டு வீடுகளைப் பார்க்க வருகிறவர்கள் கானாடுகாத்தான் மாளிகைகள், ஆத்தங்குடி தரைக்கல், முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகள் என்று ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுச் சந்தைக்கும் வருகிறார்கள். வருகிறவர் கழுத்தில் கேமரா இருக்கும், இல்லையென்றால் கையில் செல்போன் இருக்கும். மஞ்சள், மிளகாய்வற்றல், மல்லிகை, கண்டாங்கிச் சேலை என்று எங்கே பார்த்தாலும் நிறம். படமெடுக்க இதைவிட நல்ல இடம் கிடையாதுதான். அதில் எனக்கும் சந்தேகமில்லை.

இந்தக் கலைக்கு ஒரு விதி வைத்திருக்கிறார்கள். எடுக்கப்படுகிறவருக்குத் தெரியக்கூடாது. தெரிந்தால் முகம் மாறிவிடும், இயல்பு கெட்டுவிடும், 'போஸ்' வந்துவிடும். அதனால் நீண்ட லென்ஸைப் போட்டுத் தூரத்திலிருந்து எடுக்க வேண்டும். அல்லது கேமராவை இடுப்பளவில் வைத்துக்கொண்டு வேறெங்கோ பார்ப்பதுபோல் நின்று எடுக்க வேண்டும். இப்படிக் கிடைப்பதுதான் உண்மை என்கிறார்கள்.

அப்படி எடுத்தவற்றில் எந்தப் படங்கள் கண்காட்சிக்கும் போட்டிக்கும் நாள்காட்டிக்கும் சுற்றுலாக் கையேட்டுக்கும் போகின்றன என்று கவனித்துப் பாருங்கள். ரவிக்கை இல்லாத பாட்டி. மேல்சட்டை இல்லாத கிழவர். செருப்பில்லாத, வெடிப்பு விழுந்த பாதம். தலையில் சுமை. மண்பானையோடு ஒரு பெண். அடியில் ஒரு வரி இருக்கும்: 'பாரம்பரியம் மாறாத செட்டிநாடு'. பெயர் இருக்காது. ஊர் இருக்காது. அதே சந்தையில் ஜீன்ஸ் போட்டுக்கொண்டு, காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு வெங்காயம் நிறுக்கிற இளைஞன் அந்தச் சட்டகத்துக்குள் வரமாட்டான். அவன் வந்தால் படம் கெட்டுவிடும் என்று சற்று நகர்ந்து நின்று எடுப்பார்கள்.

இந்தப் பட்டியலை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு பட்டியலைச் சொல்கிறேன்.

சிவகங்கை தனி மாவட்டமானது 1985இல். அதற்கு முன் காரைக்குடி, தேவகோட்டை எல்லாம் ராமநாதபுரம் மாவட்டம்தான். அந்த மாவட்டத்தில் 1930 டிசம்பரில் ஆதிக்கச் சாதி நாட்டார்கள் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகளை விதித்தார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஜே. எச். ஹட்டன் தம்முடைய 'இந்தியாவில் சாதி' என்ற ஆங்கில நூலில் அவற்றைப் பதிவு செய்திருக்கிறார். தங்கமோ வெள்ளியோ அணியக்கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழேயும் இடுப்புக்கு மேலேயும் துணி உடுத்தக்கூடாது. கோட்டு, சட்டை, பனியன் எதுவும் போடக்கூடாது. தலைமுடியைக் கிராப் வெட்டிக்கொள்ளக்கூடாது. வீட்டில் மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் புழங்கக்கூடாது. பெண்கள் ரவிக்கையாலோ தாவணியாலோ மேலுடம்பை மறைக்கக்கூடாது. பூ வைக்கக்கூடாது, மஞ்சள் பூசக்கூடாது. ஆண்கள் வெயிலுக்கும் மழைக்கும் குடை பிடிக்கக்கூடாது, செருப்புப் போடக்கூடாது.

மீறியவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன, தானியம் அழிக்கப்பட்டது, ஆடுமாடுகள் கொள்ளைபோயின என்றும் ஹட்டன் எழுதுகிறார். அப்படியும் மக்கள் முழுதாகப் பணியவில்லை. அதனால் 1931 ஜூனில் கூடிப் பதினொரு தடைகளாக ஆக்கினார்கள். பெண்கள் செம்பு, பித்தளைக் குடத்தில் தண்ணீர் எடுக்கக்கூடாது, மண்குடத்தில்தான் எடுக்க வேண்டும் என்பது அதில் ஒன்று. பிள்ளைகள் படிக்கக்கூடாது என்பது இன்னொன்று.

இப்போது இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். மேல்சட்டை இல்லாத ஆண், ரவிக்கை இல்லாத பெண், வெறுங்கால், மண்பானை. 1930இல் உத்தரவாக இருந்த தோற்றத்தைத்தான் இன்றைய கேமரா அழகு என்று தேடிப்பிடிக்கிறது. ஒருவர் கட்டளையிட்டார், இன்னொருவர் ரசிக்கிறார். இரண்டு பேரும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. ரசிக்கிறவருக்கு அந்த உத்தரவு பற்றித் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனால் ஒரு பகுதி மக்கள் அடி வாங்கி, வீடிழந்து கழற்றி எறிந்த ஒரு தோற்றத்துக்குப் 'பாரம்பரியம்' என்று பெயர் வைக்கும்போது, அந்தப் போராட்டமே நடக்காதது போல் ஆகிவிடுகிறது.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு வரும். ரவிக்கை போடாத பாட்டி எல்லோரும் தலித்துகளா? இல்லை. நகரத்தார் வீட்டு மூத்த ஆச்சிகளிலும் ரவிக்கை போடாமலே வாழ்ந்து முடித்தவர்கள் உண்டு. வெற்றுடம்பில் துண்டு போட்ட பெரிய செட்டியார்களும் உண்டு. ஒருவருக்கு அது பழக்கம், ஒருவருக்கு அது வசதி, ஒருவருக்கு அது விதிக்கப்பட்டது. தோலைப் பார்த்து இதைச் சொல்ல முடியாது. கேமராவுக்கும் தெரியாது. வாயைத் திறந்து கேட்டால்தான் தெரியும். கேட்கக்கூடாது என்பதையே விதியாக வைத்திருக்கிற ஒரு கலை, இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொள்ளும் ஒரே வழியைத் தானே அடைத்துக்கொள்கிறது.

'அது அந்தக் காலம்' என்று சொல்கிறவர்களுக்காக இரண்டு செய்திகள். 2018 மே 28ஆம் தேதி இதே சிவகங்கை மாவட்டத்தின் கச்சநத்தத்தில் வெட்டப்பட்டுத் தலித்துகள் மூவர் இறந்தார்கள். கோயில் பக்கத்தில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தது பொறுக்காமல்தான் தகராறு தொடங்கியது என்று அப்போது செய்திகள் வந்தன. 2022இல் 27 பேருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. 2025 பிப்ரவரியில் மானாமதுரை பக்கம் மேலப்பிடாவூரில் ஒரு கல்லூரி மாணவர் கையில் வெட்டப்பட்டார். புல்லட் வண்டி ஓட்டியதற்காக வெட்டினார்கள் என்பது குடும்பத்தாரின் புகார். 1930இல் சட்டை, 2018இல் கால்மேல் கால், 2025இல் புல்லட். ஆதிக்கத்தின் கண்ணை உறுத்துவது எப்போதும் நம்முடைய தோற்றம்தான்.

கேமரா இந்த நாட்டுக்கு வந்தபோது நம்மை எப்படிப் பார்த்தது என்பதையும் மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைத் தாது வருஷப் பஞ்சம் அழித்தது. ஹூப்பர் என்ற ராணுவ அதிகாரி எலும்பும் தோலுமாக இருந்தவர்களை வரிசையாக உட்காரவைத்துப் படமெடுத்தார். சோறு போடாமல் படமெடுத்தார் என்று அந்தக் காலத்திலேயே அவரைக் கண்டித்தார்கள். பிறகு சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன் வந்தார். மூக்கையும் மண்டையையும் அளந்தார், படம் பிடித்தார், 1909இல் 'தென்னிந்தியச் சாதிகளும் பழங்குடிகளும்' என்று ஏழு தொகுதிகள் போட்டார். அவற்றில் சாதிப்பெயர் இருக்கும். எடுக்கப்பட்ட மனிதரின் பெயரைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

அதே காலத்தில் வசதி படைத்தவர்கள் எப்படிப் படமெடுத்துக்கொண்டார்கள்? முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் எனாமல் பாத்திரங்களோடும் பீங்கான் சாடிகளோடும் பழைய குடும்பப் படங்களும் விலைக்கு வருகின்றன. நாற்காலியில் நிமிர்ந்த முதுகு, கழுத்தில் நகை, பக்கத்தில் மேசை, நேரான பார்வை. அவர்கள் நேரம் குறித்து, உடை தேர்ந்து, பணம் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டவர்கள். அவர்களை மறைந்திருந்து எடுத்தால்தான் உண்மை கிடைக்கும் என்று ஒருவரும் சொன்னதில்லை.

இது நமக்கு மட்டும் நடந்ததும் இல்லை. 1850இல் அமெரிக்காவின் தென் கரோலினாவில் லூயி அகாசி என்ற விஞ்ஞானிக்காக அடிமைகளாக இருந்த கறுப்பின மக்களின் உடைகளைக் களைந்து படமெடுத்தார்கள். ரென்டி என்ற தந்தையும் டெலியா என்ற அவர் மகளும் அதில் இருக்கிறார்கள். படங்கள் ஹார்வர்டு பல்கலைக்கழகத்திடம் இருந்தன. ரென்டியின் வழிவந்தவர் என்று சொல்லி ஒரு பெண்மணி 2019இல் வழக்குப் போட்டார். 2025இல்தான் அந்தப் படங்களைத் தென் கரோலினாவில் உள்ள ஓர் ஆப்பிரிக்க அமெரிக்க அருங்காட்சியகத்துக்குத் தந்துவிட ஹார்வர்டு ஒத்துக்கொண்டது. அதே நூற்றாண்டில் அடிமையாகப் பிறந்து தப்பி வந்த பிரெடரிக் டக்ளஸ், கோட்டு அணிந்து, சிரிக்காமல், கம்பீரமாக உட்கார்ந்து மீண்டும் மீண்டும் படமெடுத்துக்கொண்டார். 160 படங்கள் வரை கிடைத்திருக்கின்றன. 19ஆம் நூற்றாண்டில் மிக அதிகமாகப் படமெடுக்கப்பட்ட அமெரிக்கர் அவர்தான் என்கிறார்கள். கறுப்பர் எப்படித் தெரிவார் என்பதை இனி வெள்ளையர் சொல்ல வேண்டாம், நானே சொல்கிறேன் என்பதுதான் அவர் செய்தது.

அண்ணல் அம்பேத்கர் செய்ததும் அதுதான். 1927 டிசம்பரில் மகாட் மாநாட்டுக்கு வந்த பெண்களிடம், தீண்டத்தகாதவர் என்று அடையாளம் காட்டுகிற முறையில் சேலை கட்டுவதையும் நகை போடுவதையும் விட்டுவிடச் சொன்னார். அவருடைய கோட்டையும் கண்ணாடியையும் கையிலுள்ள புத்தகத்தையும் நாம் ஏன் இவ்வளவு நேசிக்கிறோம்? அது 1930இன் எட்டுத் தடைகளுக்கும் 1931இன் பதினொரு தடைகளுக்கும் ஒரே உருவத்தில் வந்த பதில். 'அம்பேத்கர் ஏன் வேட்டி கட்டவில்லை' என்று கேட்கிறவர்கள், சட்டை போட்டதற்காக வீடு எரிக்கப்படாதவர்கள்.

நம் வீட்டுச் சுவர்களை நினைத்துப் பாருங்கள். ஸ்டுடியோவில் வரைந்த திரைக்கு முன்னால், இரவல் கைக்கடிகாரத்தோடு, எண்ணெய் தடவி வாரிய தலையோடு, இமைக்காமல் நிற்கிற தாத்தா. கைகளை மடியில் கோத்துக்கொண்டு விறைப்பாக உட்கார்ந்த பாட்டி. இந்த மேடையில் மாலையோடு இருக்கிற தோழரின் படமும் அப்படி எடுத்ததுதான். புகைப்படக் கலைஞர்கள் இதைச் செயற்கை என்பார்கள். பல தலைமுறை குனிந்து நிற்க வைக்கப்பட்டவர், ஒருநாள் காசு கொடுத்து நிமிர்ந்து நின்று, 'இப்படித்தான் என்னைப் பார்க்க வேண்டும்' என்று சொன்ன நிமிடம் அது. அதைவிட உண்மையான நிமிடம் எது? எப்போதும் யாராவது கண்காணித்துக்கொண்டே இருந்த மக்களுக்கு, தாங்களே தேர்ந்துகொண்ட போஸில்தான் சுதந்திரம் இருந்தது.

சந்தையில் கேமராவைக் கண்டதும் பெண்கள் முந்தானையை இழுத்துவிடுவதையும், கலைந்த முடியைக் காதோரம் ஒதுக்குவதையும், சில ஆண்கள் தோளில் கிடந்த சட்டையை எடுத்து மாட்டுவதையும் நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அந்தக் கையசைவைத்தான் 'இயல்பு கெட்டுவிட்டது' என்று சொல்கிறார்கள். சமூகவியல் படித்தவள் என்ற முறையில் சொல்கிறேன், அந்தக் கையசைவுக்குள் ஒரு நூற்றாண்டு வரலாறு இருக்கிறது. அதற்கு முந்திய நொடியைத் திருடுவதைவிட, அதற்கு அடுத்த நொடிக்குக் காத்திருப்பது நல்ல கலை.

சட்டம் என்ன சொல்கிறது? பொது இடத்தில் படமெடுப்பதற்குப் பொதுவாகத் தடை இல்லை. ஆனால் 2017இல் புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்றார்கள். பொது இடத்துக்கு வந்துவிட்டதாலேயே ஒருவர் அந்தரங்கத்தை இழந்துவிடுவதில்லை என்பதும் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. அது உடலோடு, மனிதரோடு சேர்ந்தது. இன்னொரு சட்டமும் இருக்கிறது, 1957இன் பதிப்புரிமைச் சட்டம். படத்தின் உரிமை எடுத்தவருக்கு. அவர் ஆயுள் முழுக்கவும் அதற்குப் பிறகு 60 ஆண்டும் அவருக்கும் அவர் வாரிசுக்கும். ஆனால் ஒருவர் பணம் கொடுத்துத் தன்னைப் படமெடுக்கச் சொன்னால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, முதல் உரிமையாளர் அந்தப் பணம் கொடுத்தவர். ஸ்டுடியோவுக்குப் போன தாத்தாவுக்குச் சட்டப்படி தன் படத்தில் உரிமை உண்டு. சந்தையில் தெரியாமல் எடுக்கப்பட்ட பாட்டிக்கு எந்தப் பதிப்புரிமையும் இல்லை. அவர் முகம் நாள்காட்டியில் வந்தாலும், ஓட்டல் வரவேற்பறையில் தொங்கினாலும் அவருக்கு ஒரு பைசா வராது. செய்தியும் வராது.

அப்படியானால் கேட்காமல் படமே எடுக்கக்கூடாதா என்று மாணவர்கள் கேட்பீர்கள். எடுக்க வேண்டிய இடங்கள் உண்டு. லத்தி ஓங்கும்போது யாரும் அனுமதி கேட்டு நிற்க முடியாது. டீக்கடையில் தனி டம்ளர் வைத்திருப்பவரிடம் 'எடுக்கட்டுமா' என்று கேட்டால் டம்ளர் மறைந்துவிடும். கேமராவின் முன்னால் இருப்பவரிடம் அதிகாரம் இருக்கிறதா, அந்த அதிகாரத்தால் நசுங்குகிறவர் இருக்கிறாரா என்பதைப் பாருங்கள். மேல்நோக்கித் திரும்பிய கேமரா சாட்சி சொல்கிறது. கீழ்நோக்கித் திரும்பிய கேமரா கேட்டுவிட்டுத்தான் எடுக்க வேண்டும். நசுங்குகிறவரின் முகத்தைக் காட்டினால் அவர் வேலையோ வீடோ போகும் என்றால், சாட்சியிலும் முகத்தை மறைக்கத்தான் வேண்டும்.

இப்படி எடுக்க முடியுமா என்றால், எடுத்துக் காட்டியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். மதுரை ஜவஹர்லால்புரத்திலிருந்து வந்த எம். பழனி குமார், 2017இல் வெளியான திவ்யபாரதியின் 'கக்கூஸ்' ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவர். மலக்குழித் தொழிலாளர்களையும் அவர்களின் குடும்பங்களையும் தொடர்ந்து எடுத்தவர். ராமநாதபுரம் பாரதிநகரில் கடல்பாசி எடுக்கும் பெண்களை அவர் எடுத்த படங்களும், மதுரையில் மீன் விற்ற தன் தாயைப் பற்றிய படக்கட்டுரையும் 'பாரி' இணையதளத்தில் இருக்கின்றன. சந்தையையும் கூடையையும் வியர்வையையும் அவரும்தான் எடுக்கிறார். ஆனால் அதில் இருக்கிறவருக்குப் பெயர் இருக்கிறது, வேலை இருக்கிறது, வருமானக் கணக்கு இருக்கிறது. வாடிப்பட்டியின் ஜெய்சிங் நாகேஸ்வரன் ஊரடங்கு காலத்தில் தன் குடும்பத்தையும் தன் வீட்டையுமே எடுத்தார். இவர்கள் படங்களில் இருப்பவர்களுக்கும் எடுத்தவருக்கும் நடுவே தூரம் குறைவு. அந்தத் தூரத்தை எந்த லென்ஸாலும் குறைக்க முடியாது. பழகித்தான் குறைக்க வேண்டும்.

சந்தையின் நிறத்தைப் பற்றி ஒன்று சொல்லி முடித்துக்கொள்கிறேன். நிறம் பலவற்றை மறைக்கும். கூரைக்குள் கடை வைத்திருப்பவர் யார், வெளியே தரையில் சாக்கு விரித்திருப்பவர் யார் என்பதை மறைக்கும். சந்தையில் சுங்கம் வசூலிக்கும் குத்தகையை யார் ஏலத்தில் எடுத்தார், தரைக்கு எவ்வளவு வாங்குகிறார் என்பதை மறைக்கும். காலையில் தண்டல் வாங்கிச் சரக்கெடுத்து மாலையில் வட்டியோடு கட்டுகிற கணக்கை மறைக்கும். விடியற்காலையில் வந்த பெண் இருட்டும்வரை எங்கே ஒதுங்குவாள் என்பதை மறைக்கும். 2014ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டம், நகர விற்பனைக் குழுவில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகளின் பிரதிநிதிகள் இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் இருக்க வேண்டும் என்கிறது. பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் உரிய இடம் தர வேண்டும் என்கிறது. நம் ஊர்க் குழுவில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள்? அதைக் கேட்டு எடுத்த ஒரு படத்தொகுப்பு இன்னும் நம் கைக்கு வரவில்லை.

காரைக்குடியைச் சுற்றியிருக்கிற செட்டிநாட்டுக் கிராமங்கள் 2014 முதல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன. அந்தப் பட்டியலில் அவற்றின் பெயர், தமிழ் வணிகர்களின் கிராமத் தொகுப்புகள். வணிகர்களின் வீடுகள் பாதுகாக்கப்பட வேண்டியவைதான். அந்த வீடுகளுக்குச் சுண்ணாம்பு அரைத்தவர்கள், மரம் சுமந்தவர்கள், அந்தத் தெருக்களைப் பெருக்கியவர்கள் எந்தக் குடியிருப்பில் இருந்தார்கள் என்பதும் மரபுதான். அதை யாராவது எடுத்து வைக்க வேண்டும். கேமரா இப்போது உங்கள் எல்லோர் பையிலும் இருக்கிறது.

ஆகவே உங்களிடம் நான்கு வேலைகள் கேட்கிறேன். வரும் திங்கட்கிழமை சந்தைக்குப் போங்கள். முதல் ஒரு மணி நேரம் செல்போனை வெளியே எடுக்காமல் பேசுங்கள், முடிந்தால் ஏதாவது வாங்குங்கள். பிறகு கேளுங்கள். வேண்டாம் என்றால் நன்றி சொல்லிவிட்டு நகருங்கள். சரி என்றால், எப்படி நிற்க விருப்பம் என்று அவரிடமே விட்டுவிடுங்கள். பெயரும் ஊரும் வேலையும் அவர் சொன்னபடி எழுதுங்கள், சொல்ல விருப்பமில்லை என்றால் எழுதாதீர்கள். கடைசியாக, அடுத்த திங்கட்கிழமை அந்தப் படத்தைக் காகிதத்தில் அச்சிட்டு அவர் கையில் கொண்டுபோய்க் கொடுங்கள். அவர் முந்தானையைச் சரிசெய்யும் வரை, சட்டையை மாட்டும் வரை காத்திருந்து எடுத்த படமாக அது இருக்கட்டும்.